நீளம் அப்படியே, இடுப்பு மட்டும்

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை அம்மா மேல் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தது. எட்டு, ஒன்பது வயதிருக்கும். மற்ற பிள்ளைகள் மேடைக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருக்க, இது மட்டும் அசையவில்லை. பக்கத்திலிருந்த பெரியம்மா ஒருவர் அதன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "பிள்ளைன்னா இப்படில்ல இருக்கணும். இருக்கிற இடமே தெரியல" என்றார். அம்மா முகத்தில் அவ்வளவு பெருமை. அந்தக் குழந்தைக்குத் தூக்கம் வந்திருக்கலாம், லேசாகக் காய்ச்சல் இருந்திருக்கலாம், சுபாவமே அப்படியாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு வாய் வரை ஒரு கேள்வி வந்து நின்றது: "போன வருஷப் பாவாடை இந்த வருஷமும் பத்துதா?" கேட்கவில்லை. முன்பின் தெரியாதவளிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது? சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த வாக்கியம் மட்டும் பஸ் ஏறி என்னோடு ராஜபாளையம் வரை வந்தது. அதையே என் மகளைப் பற்றி எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள், நான் எத்தனை முறை பூரித்திருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

என் மகளுக்கு இப்போது 13 வயது. ஒன்பது வயதிலிருந்து பதினொன்றரை வயது வரை அவள் எங்கள் தெருவிலேயே நல்ல பிள்ளை. விளையாடப் போக மாட்டாள். கொடுத்ததைச் சாப்பிடுவாள், அதுவும் கொஞ்சமாக. எட்டரைக்கு மேல் கண் தாங்காது, படுத்துவிடுவாள். காலையில் எழுப்புவதுதான் பாடு. தம்பியோடு அவளுக்கு வந்த ஒரே சண்டை ஃபேன் சண்டை. சித்திரை வெயிலில் ராஜபாளையத்தில் ஃபேன் இல்லாமல் யாராவது படுப்பார்களா? இவள் ரெகுலேட்டரை ஒன்றில் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். அவன் எழுந்து ஐந்தில் வைப்பான். கடைசியில் அவளை அத்தையின், அதாவது என் மாமியாரின், அறைக்கு மாற்றி, "அவளுக்குப் பூஞ்சை உடம்பு" என்று ஒரு பெயரும் வைத்து அந்தப் பிரச்சினையை முடித்துவிட்டோம்.

மற்றதும் அப்படித்தான். மூன்று நாளைக்கு ஒரு முறைதான் வெளியே போவாள். உலர் திராட்சை ஊறவைத்துக் கொடுத்தோம். கை கால் சொரசொரவென்று வெள்ளை பூத்துக் கிடக்கும், தேங்காய் எண்ணெய். முடி கொட்டியது, கரிசலாங்கண்ணித் தைலம். முகம் காலையில் கொஞ்சம் உப்பியிருக்கும். அதற்கு வைத்தியமே பார்க்கவில்லை, ஏனென்றால் ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் "பிள்ளை பூசினாப்ல அழகா இருக்கா" என்றார்கள். அவ்வப்போது டாக்டரிடமும் போகத்தான் செய்தோம். மலச்சிக்கலுக்கு ஒரு முறை, வறண்ட தோலுக்கு ஒரு முறை, ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து டானிக்குக்கு ஒரு முறை. மூன்றும் மூன்று தனித்தனி சீட்டு. ஒவ்வொரு தடவையும் எடை பார்த்தார்கள், உயரம் பார்க்கவில்லை. உயரம் அளக்கிற பட்டை அந்தச் சுவரில் இருந்தது. அதன் மேல் மருந்துக் கம்பெனி காலண்டர் தொங்கியது. ஆனால் அவரை மட்டும் சொல்லி என்ன? நானும் ஒவ்வொன்றாகத்தான் சொன்னேன். நாலையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அம்மா, ப்ரேயர்ல இப்ப நான் முன்னாடி நிக்கேன்" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். முன்வரிசை என்றால் ஏதோ பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று நானும் "சூப்பர்டி" என்றேன். பிரார்த்தனைக் கூட்டத்தில் உயரப்படி நிறுத்துவார்கள் என்பது நானும் அதே மாதிரிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் எனக்குத் தெரியும். நடுவில் நின்றவள் முன்னால் வந்திருக்கிறாள் என்றால் மற்றவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டி வளர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். தெரிந்தும் புரியவில்லை.

அளவு நோட்டு

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் நீளமான ஒரு கணக்கு நோட்டு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். மேலே பெயர், கீழே வருஷ வாரியாக அளவு. மே கடைசியில் கடை முழுக்க யூனிஃபார்ம் துணி குவிந்துவிடும், எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு நிறுத்தி அளக்க நேரம் இருக்காது. அதனால் பிள்ளை வராவிட்டாலும் போன வருஷ அளவோடு நீளத்தில் ஒன்றரை இன்ச் கூட்டி, உள்ளே மடிப்பும் விட்டுத் தைத்துக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஏழாம் வகுப்புத் துணியைக் கொடுக்கப் போன அன்று நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். தற்செயலாக மகளும் கூட வந்திருந்தாள்.

அக்கா கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்து இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழே வரை பிடித்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடியும் பிடித்தார். டேப்பின் நுனி எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூன்றாவது தடவையும் பிடித்தார். அப்புறம் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து, சாக்பீஸ் பிடித்த விரலால் காட்டினார். அந்த வருஷம் 20. போன வருஷம் 20. அதற்கு முந்தின வருஷம் 19½. "நீளம் அப்படியே நிக்கி. இடுப்பு மட்டும் 3 இன்ச் ஏறியிருக்கு" என்றார். "பிள்ளைங்க நீளத்துலதான் ஏறும், இடுப்பு சட்டுன்னு ஏறாது. இவளுக்கு மாத்தி நடக்கு. டாக்டர்ட்ட காட்டும்மா."

எனக்குச் சுருக்கென்றது. கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். "எங்க வீட்டுக்காரர் வகையில எல்லாருமே குட்டைதான்க்கா" என்றேன்.

"குட்டையா இருந்தாலும் வளரணும்லம்மா" என்றார் அக்கா, குனிந்து அடுத்த துணியை எடுத்தபடி.

நான் இதுவரை படித்த எந்த மருத்துவக் கட்டுரையும் இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தைச் சொன்னதில்லை. குட்டையாக இருப்பது வேறு, வளராமல் நிற்பது வேறு. குட்டைப் பிள்ளையும் தன் கோட்டிலேயே வருஷா வருஷம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். நாலு வயதிலிருந்து வயதுக்கு வரும் காலம் வரை வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் ஏற வேண்டும்; 4க்குக் கீழே போனால் ஏன் என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. என் மகள் இரண்டு வருஷத்தில் மொத்தமாக இரண்டரை சென்டிமீட்டர்தான் வளர்ந்திருந்தாள். அதைக்கூட அவளுடைய பழைய பள்ளி உடல்நல அட்டையைத் தேடி எடுத்துத்தான் கணக்குப் போட முடிந்தது. வீட்டில் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தோம், பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் போய்விட்டது. ஆக, என் பிள்ளை வளராமல் நின்றதற்கு ஒழுங்கான பதிவு வைத்திருந்த ஒரே ஆள் தையல்கார அக்கா. அந்த இரண்டு வருஷமும் "யூனிஃபார்ம் செலவு மிச்சம்" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னதும் அவரிடம்தான்.

ஒரு மடக்குத் தண்ணீர்

மதுரையில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். ராஜபாளையத்திலிருந்து இரண்டு மணி நேர பஸ் பயணம். கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள், திருமங்கலத்தில் எழுப்பினேன். அந்த டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை எழுதுவதற்கு முன் கால் மணி நேரம் அவளைச் சும்மா பார்த்தார். முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம்: 131.5. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "ஒரு மடக்கு வாயில வச்சுக்கோ, தலையைக் கொஞ்சம் நிமிர்த்து, நான் சொல்லும்போது முழுங்கு" என்றார். முழுங்கும்போது கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி சிறகை விரித்த மாதிரி ஒரு மேடு மேலே ஏறி இறங்கியது. நான் தினமும் ஜடை பின்னிவிட்ட பிள்ளை. எப்போதும் பின்னால் நின்றுதான் பின்னியிருக்கிறேன்.

அப்புறம் அவளை நாற்காலியில் முட்டி போடச் சொல்லி, பாதம் வெளியே தொங்கும்படி நிறுத்தி, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் வெடுக்கென்று அசைந்தது. ஆனால் திரும்பி வரும்போது மெதுவாக, சோம்பல் முறிப்பதுபோல வந்து நின்றது. "பார்த்தீங்களா? போறது சரியாப் போகுது, வர்றதுதான் லேட்" என்றார். மறுபடி தட்டிக் காட்டினார். மகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்னொரு தடவை தட்டச் சொன்னாள். கடைசியாக அவர் கேட்டது, "வீட்டுல யாருக்காவது தைராய்டு இருக்கா?"

இருக்கிறது. என் மாமியார் எட்டு வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் அந்த மாத்திரைதான் போடுகிறார். குப்பி ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது. தினமும் அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் கறிவேப்பிலை டப்பாவை எடுக்கிறேன். தைராய்டு என்றால் நாற்பது வயதுக்கு மேல் பெண்களுக்கு வருகிற, உடம்பு போடுகிற வியாதி என்று மனசில் ஒரு படம். பிள்ளைகளுக்கும் அதே சுரப்பி அதே இடத்தில் இருக்கிறது என்பது தெரியாத விஷயமா என்ன?

ரிசல்ட்டில் டி.எஸ்.எச். என்ற இடத்தில் 100க்கு மேல் என்று மட்டும் போட்டிருந்தது. அந்த லேபின் கருவி அதற்கு மேல் எண்ணாதாம். சாதாரணமாக 5க்குள் இருக்க வேண்டிய எண். இது தைராய்டு சுரக்கிற பொருள் அல்ல, மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்குக் கொடுக்கிற குரல். கூப்பிட்ட குரலுக்கு வராத பிள்ளையை அம்மா எப்படிக் கூப்பிடுவாள்? முதலில் மெதுவாக, அப்புறம் சத்தமாக, அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. 100க்கு மேல் என்றால் அந்தக் கூப்பாடுதான். தைராய்டு சுரக்கிற பொருளான டி-4 அடிமட்டத்தில் கிடந்தது. இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்தார்கள்: பதினொன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒன்பது வயதுக்கும் குறைவான எலும்பு. தைராய்டுக்கு எதிராக உடம்பே ஆயுதம் தூக்கியிருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டி டி.பி.ஓ. சோதனையும் எகிறியிருந்தது. ஹாஷிமோட்டோ என்றார்கள். 1912ல் இதை முதலில் விவரித்து எழுதிய ஜப்பானிய மருத்துவரின் பெயர். வளர்ந்த பெண்கள் நாலு பேருடைய சுரப்பியை வைத்து அவர் எழுதினார். அயோடின் போதுமான அளவு கிடைக்கிற ஊர்களில், குழந்தை பிறந்து சில வருஷங்கள் கழித்து வருகிற தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம்.

உப்பைப் பற்றிக் கேட்காதவர்கள் கிடையாது. "நீங்க கல்லுப்பா போடுறீங்க?" என்று ஆளாளுக்கு விசாரணை. சிரிக்கும் சூரியன் படம் போட்ட அயோடின் உப்புதான் எங்கள் வீட்டிலும். இந்தியாவில் 1962ல் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது அயோடின் பற்றாக்குறைக்காக. அதனால் வருகிற கழுத்துக் கழலைக்கு அந்த உப்பு அவசியம், அதை நிறுத்தவும் கூடாது. ஆனால் இந்த வியாதி உப்புக் குறைவால் வந்ததல்ல, கூடுதல் உப்பால் போகப் போவதும் இல்லை. முட்டைக்கோஸையும் காலிஃப்ளவரையும் வீட்டுக்குள் சேர்க்காதே என்று வாட்ஸ்அப்பில் வந்தது, டாக்டரிடம் காட்டினேன். வேகவைத்து, பொரியலாக, வீட்டில் சாப்பிடுகிற அளவுக்கு ஒன்றும் ஆகாது என்றார். மகளுக்கு அதில் வருத்தம்தான். முட்டைக்கோஸைத் தள்ளி வைக்க ஒரு காரணம் கிடைத்தது என்று நினைத்திருந்தாள்.

அத்தை அன்று இரவு சாப்பிடவில்லை. "என் ரத்தத்துல இருந்துதான போயிருக்கு" என்றார். குடும்ப வழியாக வரும் வாய்ப்பு உண்டு, அதற்காக யார் மேலும் பழி இல்லை என்று டாக்டர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை. "நான் பக்கத்துலயே படுத்திருந்தேன். கால் எவ்வளவு சில்லுன்னு இருக்கும் தெரியுமா? என் போர்வையையும் சேர்த்துப் போர்த்துவேன்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. போர்த்தினோம். எல்லாரும் போர்த்தத்தான் செய்தோம்.

சேட்டை திரும்பியது

மகள் வகுப்பில் இரண்டாவது ரேங்க். எங்களை ரொம்ப ஏமாற்றியது அதுதான். தைராய்டு குறைந்தால் பிள்ளை மந்தமாகும், மார்க் குறையும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்போம். மூன்று வயதுக்குப் பிறகு வருகிற குறைவில், தைராய்டை நம்பியிருக்கிற மூளை வளர்ச்சி பெரும்பாலும் முடிந்திருக்கும். நடப்பது மெதுவாகும், குரல் மெதுவாகும், வளர்ச்சி நிற்கும், மார்க் மட்டும் அப்படியே இருக்கலாம். கவனம் சிதறாமல் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு மார்க் கூடினாலும் கூடும். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை, "இவளை மாதிரி முப்பது பேர் இருந்தா எனக்கு வேலையே இல்ல" என்று சொல்லியிருந்தார்.

மருந்து எழுதிக் கொடுக்கும்போது டாக்டர் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். "இனிமே கொஞ்சம் தொந்தரவு கொடுப்பா. பயப்படாதீங்க." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். லீவோதைராக்சின் மாத்திரையைச் சின்ன அளவில் தொடங்கி, ஆறு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்துப் படிப்படியாக ஏற்றினார்கள். முதல் மாதத்தில் முகத்தின் உப்பல் வடிந்தது. அந்தப் 'பூசினாப்ல' பாதி நீர்தான். இரண்டாம் மாதம் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டியது, பிறகு நின்றது. மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விளையாடி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றாள். அடிக்கக் கை ஓங்கினேன், அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் முழுசாகப் புரியவில்லை.

அரையாண்டுத் தேர்வில் ரேங்க் ஒன்பதுக்கு இறங்கியது. அதே ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். "ரொம்பப் பேசுறா. உட்கார மாட்டேங்கிறா. வீட்டுல ஏதும் பிரச்சினையா?" இரண்டு வருஷம் உடம்பு நின்றுபோய்க் கிடந்தபோது ஒரு குறிப்பும் எழுதாத டைரியில் இப்போது சிவப்பு மையில் வாரம் ஒரு குறிப்பு. அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன்; நல்லவர், புரிந்துகொண்டார். ஆனால் இதுதான் எனக்கு இன்னும் அடங்காத விஷயம். நாங்கள் கொண்டாடிய குணங்கள் எல்லாமே வியாதியின் குணங்கள். அமைதி, அடக்கம், சீக்கிரம் தூங்குவது, அதிகம் கேட்காதது, துணி பழசாகாமல் பார்த்துக்கொள்வது. பெண் பிள்ளையிடம் நாம் எதிர்பார்க்கிற பட்டியலை எடுத்து டாக்டரின் அறிகுறிப் பட்டியலோடு வைத்தால் பாதிக்கு மேல் பொருந்துகிறது. தம்பி அப்படி ஆறு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தால் "பையனுக்கு என்னமோ ஆச்சு" என்று என்றைக்கோ தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்.

இழந்ததில் எல்லாம் திரும்பவில்லை. முதல் வருஷம் விறுவிறுவென்று 9 சென்டிமீட்டர் ஏறினாள், ஆனால் எலும்பின் வயதும் அதே வேகத்தில் ஓடி வருகிறது. வயதுக்கு வரும் பருவம் நெருங்கிவிட்ட பிள்ளைக்கு விட்ட உயரம் முழுசும் கிடைக்காமல் போகலாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அத்தனை நாள் தாமதத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. நான் மட்டும் மனசுக்குள் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எதிர்ப் பக்கம்

நான் கணக்குப் பார்க்கிற இடம் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் துணி யூனிட். அங்கே என்னோடு வேலை பார்க்கும் அக்காவின் மகன் பத்தாம் வகுப்பு. என் கதையைக் கேட்டுவிட்டு, "என் பிள்ளைக்கு உன் பிள்ளை வியாதில பாதி வந்தாத் தேவல. வீட்டுல நிக்க மாட்டேங்கான்" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நாலு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறான், கன்னம் ஒட்டிப்போகிறது. மார்கழியில் எல்லாரும் போர்த்திப் படுக்க, இவன் மொட்டை மாடியில் சட்டையில்லாமல் கிடக்கிறான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். கையெழுத்து கோழி கிளறின மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் போட்ட முடிவு: ஒன்று செல்போன், இல்லையென்றால் காதல். அப்பா போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டியாயிற்று. "அவனை இரண்டு கையையும் முன்னால நீட்டச் சொல்லி, மேல ஒரு பேப்பரை வச்சுப் பாருங்கக்கா" என்றேன். என் மகளின் டாக்டர் இன்னொரு பையனுக்குச் செய்ததைப் பார்த்திருந்தேன். மறுநாள் வந்து, "பேப்பர் ஆடுதுடி" என்றார். உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120க்கு மேல். தைராய்டு கூடுதலாகச் சுரக்கிற கிரேவ்ஸ் நோய். கார்பிமசோல் மாத்திரையில் மூன்று மாதத்தில் பையன் மனுஷனாகிவிட்டான். போனையும் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் காதல் எதுவும் இல்லை, கிரிக்கெட் ஸ்கோர்தான் இருந்தது.

இதன் பிறகு ஆபீஸில் ஒரு அலை அடித்தது. குண்டாக இருக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் டெஸ்ட். இரண்டு பேருக்கு டி.எஸ்.எச். 6, 7 என்று வந்தது. ஒருத்தி லேபிலிருந்து நேராக மெடிக்கலுக்குப் போய் மாத்திரையே வாங்கிவிட்டாள். சண்டை போட்டுத்தான் டாக்டரிடம் அனுப்பினேன். பிள்ளை குண்டாகவும் இருந்து, வயதுக்கு ஏற்றபடி உயரமாகவும் வளர்ந்துகொண்டிருந்தால் காரணம் தைராய்டாக இருப்பது அபூர்வம். உடம்பு போட்டதாலேயே அந்த எண் கொஞ்சம் ஏறி நிற்கும், எடை குறைந்தால் தானாக இறங்கும். தையல்கார அக்கா கணக்குதான் மறுபடியும்: நீளமும் ஏறுகிறதா, இடுப்பு மட்டும் ஏறுகிறதா? உயரம் நின்று எடை ஏறினால் ஓடு. இரண்டும் ஏறினால் நொறுக்குத்தீனியைப் பார்.

குடும்பத்தில் தைராய்டு உள்ள பிள்ளைகள், டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகள், டவுன் சிண்ட்ரோம், டர்னர் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குரோமோசோம் குறைகள் உள்ள பிள்ளைகள் விஷயத்தில் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது, அவ்வப்போது பார்த்துவிட வேண்டும். அதைவிட அவசரம் பிறந்த குழந்தை. "அழவே மாட்டான், பாலுக்கும் நாமதான் எழுப்பணும், தங்கமான பிள்ளை" என்று சொல்வோமே, அந்தத் தங்கத்துக்கு மஞ்சள் காமாலையும் வாரக்கணக்கில் இறங்காமல் இருந்தால் சும்மா இருக்கக் கூடாது. பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை தப்பும். மாதக்கணக்கில் விட்டால் போனது திரும்பாது. பெரும்பாலான குழந்தைகள் பிறக்கும்போது பார்க்க நன்றாகவே இருப்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் காயவைத்துப் பார்க்கும் சோதனை கனடாவின் கியூபெக்கில் 1974லேயே தொடங்கிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) இந்தியாவில் ஐந்து மையங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்ததில் 1130க்கு ஒரு குழந்தைக்கு இந்தக் குறை இருந்தது. சென்னையில் 727க்கு ஒன்று. என் இரண்டு பிரசவத்திலும் இப்படி ஒரு சோதனை இருப்பதாகவே எனக்குத் தெரியாது. இப்போது எங்கள் சொந்தத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், பெயர் என்ன என்று கேட்பதற்கு முன் குதிகாலில் குத்தினார்களா என்று கேட்டுவிடுகிறேன். என் நாத்தனாருக்கு இதில் எரிச்சல்.

"வெளிய சொல்லாத, பொம்பளப் பிள்ளை, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்" என்று சொன்னவர்களும் உண்டு. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிற கவலையில் அவர்கள் இருக்கட்டும். நான் எழுதுகிறேன்.

ஐந்தரை மணி

இப்போது எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு இரண்டு பேர் மாத்திரை போடுகிறார்கள். அத்தைக்கு ஒரு குப்பி, மகளுக்கு ஒரு குப்பி. அளவு வேறு, மாறிவிடக் கூடாது என்று மகளுடையதில் சிவப்பு ரப்பர் பேண்ட். தண்ணீரில் மட்டும் விழுங்க வேண்டும். அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் பால். இரும்பு, கால்சியம் மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. விழுங்கிவிட்டு இருவரும் மறுபடி படுத்து, கிழவியும் பேத்தியுமாக ஏதோ குசுகுசுவென்று பேசுவது சமையலறை வரை கேட்கும்.

போன வாரம், கல்யாணத்துக்குப் போய் வந்த மனநிலையில், ஃப்ரிட்ஜ் மேல் துடைக்கும்போது கறிவேப்பிலை டப்பாவுக்குப் பின்னால் மூன்று மாத்திரைகள் வரிசையாக இருந்தன. சின்னதாக, வெள்ளையாக. கை நடுங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை நிறுத்திக் கேட்டேன். அவள் மறைக்கவெல்லாம் இல்லை.

"மூணு நாள் போடல. நீ கண்டுபிடிக்கியான்னு பார்த்தேன்."

அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். மூன்று நாள் போடாவிட்டால் எந்த அம்மாவுக்கும் எதுவும் தெரியாது. முகத்திலும் தெரியாது, நடையிலும் தெரியாது. இதை அவளுக்கு விளக்கியிருக்கலாம்.

"கண்டுபிடிக்கலை" என்றேன்.

"ம்" என்றாள். பிறகு மூன்றையும் கையில் எடுத்து, "இதை இப்ப சேர்த்துப் போடணுமா?" என்று கேட்டாள். டாக்டரிடம் போனில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. ஷூ லேஸைக் கட்டாமலே ஓடினாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று வாசலில் நின்று, அவள் ஆட்டோவில் ஏறுகிற வரை காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கர்ட் முட்டிக்கு மேலே ஏறியிருந்தது. அக்கா உள்ளே விட்டிருந்த மடிப்பை இந்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்க வேண்டும்.